ஒன்பது மூட்டைப் பழைய புத்தகம், ஒரு ஊர்ப் படிப்பகம்: எதை இணையத்தில் ஏற்றலாம், எதைக் கூடாது?

வைகைக்கரையான் | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு படிப்பகம் நடத்துகிறோம். இரண்டு அறை, மூன்று பீரோ. காலையில் நாளிதழ் படிக்கப் பெரியவர்கள் வருவார்கள். மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம்.

போன தை மாதம், எங்கள் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர் காலமானார். அவருடைய மகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போவதற்கு முன் அப்பா சேர்த்து வைத்திருந்த புத்தகங்களையெல்லாம் எங்களிடம் கொடுத்துவிட்டார். அரிசிச் சாக்கில் ஒன்பது மூட்டை. பிரித்து அடுக்கியபோது நானூற்றுச் சொச்சம் வந்தது. நாடகப் பாட்டுப் புத்தகங்கள், கூட்டுறவுச் சங்க வெளியீடுகள், நெல் சாகுபடிக் கையேடுகள், வார இதழ்களிலிருந்து பிரித்து அவரே பைண்டு செய்த தொடர்கதைகள், பழைய பாடநூல்கள். கடைசி மூட்டையின் அடியில் அவர் கைப்பட எழுதிய இரண்டு கணக்கு நோட்டுகள். சுற்றுவட்டாரக் கண்மாய்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மடை, எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாயும், தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை எப்படி வைத்தார்கள் என்று ஊர் ஊராக எழுதியிருக்கிறார்.

பக்கத்தைப் புரட்டினால் ஓரம் அப்பளம் போல நொறுங்குகிறது. சில நூல்களில் வெள்ளிப்பூச்சி அரித்து, எழுத்து இருந்த இடத்தில் சல்லடைக்கண் மட்டும் மிச்சம். இன்னும் ஐந்து மழைக்காலம் தாங்காது என்று பட்டது. அதனால் ஜன்னலோரம் மேசை போட்டு, பக்கத்தின் மேல் கண்ணாடி வைத்து அழுத்தி, கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தோம். பதினொரு நூல் முடித்து, பிடிஎஃப் ஆக்கி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டோம்.

அன்று இரவே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "இது காப்புரிமைக் குற்றம், மூன்று வருடம் உள்ளே போக வேண்டியிருக்கும்" என்றார். பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். படம் எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் முகம் வாடிப்போனது. நாங்கள் செய்தது தவறா? தவறென்றால் எது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற நூலகர் | ஞாயிறு, இரவு 11.35

தம்பி, பயப்படாதீர்கள். ஆனால் கவனமாக இருங்கள். முப்பத்தொரு ஆண்டு நூலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கண்டுபிடிப்புக்குக் கொடுப்பது காப்புரிமை. எழுத்துக்கும் இசைக்கும் படத்துக்கும் உள்ளது பதிப்புரிமை. அழைத்தவர் சொன்ன மூன்று வருடம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் உள்ளதுதான். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ஆனால் அது தெரிந்தே உரிமையை மீறுகிறவனுக்கு. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்திருந்தால் அவர் உங்களை அப்படி மிரட்டியிருக்க மாட்டார். எதெல்லாம் மீறல் ஆகாது என்று நீளமாகச் சொல்லும் பிரிவு அது. நூலகத்துக்கென்றே அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

லாபநோக்கம் இல்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதியாக உள்ள நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். 2012 திருத்தத்தில் வந்தது இது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலாக இருந்தால், நூலகத்தின் பயன்பாட்டுக்காக மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் படம் எடுத்த வேலை, இந்தச் சட்டம் எதை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ அந்த வேலைதான்.

சிக்கல் அடுத்த படியில். பாதுகாக்கலாம் என்று சொல்லும் சட்டம், ஊருக்கெல்லாம் இணையத்தில் பரப்பலாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஒன்று, நூலின் பதிப்புரிமை முடிந்திருக்க வேண்டும். அல்லது அரசு உரிமையை வாங்கி நாட்டுடைமை ஆக்கியிருக்க வேண்டும். அல்லது உரியவர் அனுமதி தர வேண்டும்.

முடிந்ததா என்று பார்ப்பது எளிது. எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்த பிறகு 60 ஆண்டு. பாரதிதாசன் 1964 ஏப்ரலில் மறைந்தார். அவர் எழுத்து நாட்டுடைமை ஆகாமலே இருந்திருந்தாலும் 2025 ஜனவரி 1 அன்று பொதுவாகியிருக்கும். 1965இல் மறைந்தவருக்கு 2026 ஜனவரி 1. புனைபெயரில் மட்டும் வந்து, எழுதியவர் யாரென்றே தெரியாத எழுத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 எண்ண வேண்டும். உங்களிடம் உள்ள நாடகப் பாட்டுப் புத்தகங்களில் சங்கரதாஸ் சுவாமிகள் பாடல்கள் நிச்சயம் இருக்கும். அவர் மறைந்தது 1922. இந்த மதுரையில் 1918இல் பால சபை நடத்திப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர். அவற்றை நாளைக்கே ஏற்றுங்கள், யாரும் கேட்க முடியாது.

இந்த அறுபதும் ஒரு காலத்தில் ஐம்பதாக இருந்தது. தாகூர் 1941இல் மறைந்தார். ஐம்பது முடிந்து அவர் எழுத்து பொதுவாகும் நேரத்தில், 1992இல் சட்டத்தைத் திருத்திப் பத்து ஆண்டு கூட்டினார்கள். ஒரே ஒருவருக்காக நீட்டியது அத்தனை பேருக்கும் நீண்டது. உலக ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை கேட்பதோ ஐம்பதுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுபது. மெக்சிகோவில் நூறு. பேரப்பிள்ளையின் பிள்ளையும் கிழவனாகிவிடும் காலம் அது. எழுதியவருக்கு இதில் என்ன லாபம் என்று நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், விடை கிடைத்ததில்லை.


தெற்குவாசல் | திங்கள், காலை 7.20

ஐயா, எழுதியவர் எப்போது மறைந்தார் என்றே தெரியாவிட்டால்? என்னிடம் தாத்தா வைத்திருந்த சித்த வைத்தியச் சுவடி நூல் ஒன்று உள்ளது. அச்சிட்டவர் பெயரும் புதுமண்டபக் கடை முகவரியும்தான் இருக்கிறது.


ஓய்வுபெற்ற நூலகர் | திங்கள், காலை 8.05

இதற்கு அனாதை நூல் என்று பெயர். சட்டத்தில் 31ஏ என்று ஒரு வழி உண்டு. நாடு முழுக்கப் போகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்பு வெளியிட்டு, அதன் பிறகு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி உரிமம் பெறலாம். முப்பது ரூபாய் நூலுக்கு அந்த விளம்பரச் செலவை எந்தப் படிப்பகம் தாங்கும்? சட்டப் புத்தகத்தில் கதவு இருக்கிறது, நம் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் இல்லை. நூலகங்கள் நியாயமான சட்டம் கேட்பது இந்த மாதிரி இடங்களில்தான். இப்போதைக்கு உங்கள் நூலைப் படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள், பரப்ப வேண்டாம்.


அச்சுக்கூடத்தார் | திங்கள், மாலை 6.40

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பதிப்பகத்துக்காரன் ஒருவனும் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மதுரையில் சிறு பதிப்பகம் நடத்துகிறேன். ஒரு நாவலை எடுத்தால் மெய்ப்பு மூன்று முறை பார்க்கிறோம். அச்சிடுவது முந்நூறு பிரதி. புத்தகத் திருவிழா முடிவதற்குள் அதன் பிடிஎஃப் டெலிகிராமில் வந்துவிடுகிறது. போன ஆண்டு என் கடைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர், நான் வெளியிட்ட நூலைத் தன் கைபேசியில் எனக்கே காட்டி, "நல்ல புத்தகம் சார், எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதை எழுதிய அம்மாவுக்கு நான் அந்த ஆண்டு கொடுத்த உரிமைத்தொகை நாலாயிரத்துச் சொச்சம். மூன்று வருட உழைப்புக்கு.

அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணை வந்தால்தான் எங்களுக்கு மூச்சு. அதுவும் எப்போது வரும் என்று தெரியாத பணம். அறிவு எல்லாருக்கும் பொது என்று எல்லாரும் சொல்கிறீர்கள். காகிதக் கடைக்காரர் அப்படிச் சொல்வதில்லை. பைண்டிங் தொழிலாளி அப்படிச் சொல்ல முடியாது. எழுதுகிறவரிடம் மட்டும் ஏன் இலவசமாகக் கேட்கிறீர்கள்?


வைகைக்கரையான் | திங்கள், இரவு 8.15

அண்ணா, நீங்கள் சொல்வது என்னைச் சுடுகிறது. நாங்கள் எடுத்த பதினொன்றில் இரண்டு, இன்னும் கடையில் கிடைக்கும் நூல்கள் என்று இன்றுதான் தேடிப் பார்த்தேன். அவை படிப்பகப் பீரோவில் மட்டும் இருக்கும். அந்த இரண்டுக்கும் புதிய பிரதி வாங்கவும் சொல்லிவிட்டேன்.


செவிவழி | திங்கள், இரவு 10.50

நான் பார்வையற்றவன். உசிலம்பட்டிப் பக்கம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இழையை, திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டேன்.

மதுரையில் கல்லூரியில் படித்த காலத்தில் என் அறைத்தோழர்கள் பாடநூலை வாசித்து கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். ஒரு நூலுக்கு இருபது, இருபத்தைந்து நாள். தேர்வு நெருங்கினால் அவர்களுக்கும் படிப்பு இருக்கும், எனக்கு வாசிக்க ஆள் இருக்காது. அடுத்த அறையில் அதே நூல் மேசைமேல் கிடக்கும். கையில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். பசியோடு கல்யாணப் பந்தியைத் தாண்டிப் போவது போன்றது அது. உலகப் பார்வையற்றோர் அமைப்புகள் இதற்குப் புத்தகப் பஞ்சம் என்றே பெயர் வைத்தன.

2013 ஜூன் 27 அன்று மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் இதற்கென ஓர் உலக உடன்படிக்கை ஏற்கப்பட்டது. பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றுவதற்கு உரிமையாளரின் அனுமதி தேவையில்லை, மாற்றிய பிரதியை நாடு விட்டு நாடு அனுப்பவும் செய்யலாம் என்பது அதன் சாரம். அதற்காகப் பல ஆண்டு வாதாடியவர்களில் எங்கள் அமைப்புகளோடு நூலகர்களும் நின்றார்கள். அதை உலகிலேயே முதலில் உறுதி செய்த நாடு இந்தியா, 2014 ஜூன் 24. இருபது நாடுகள் சேர்ந்த பிறகு 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் சட்டத்தில் 2012இலேயே இதற்கு இடம் செய்துவிட்டார்கள். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலிருந்துதான் நான் இன்று பல நூல்களை எடுக்கிறேன்.

வைகைக்கரையானிடம் ஒரு வேண்டுகோள். கைபேசியில் எடுத்த பக்கங்களை அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் என் கருவி "படம், படம்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டு போகும். நூற்றறுபது பக்கமும் நூற்றறுபது படம். எனக்கு அந்தப் புத்தகம் இன்னும் மூடியே இருக்கிறது. எழுத்துணரி மென்பொருளில் போட்டு எழுத்தாக்குங்கள். பழைய அச்சில் ணை, லை, னை எல்லாம் வேறு வடிவில் இருக்கும், மென்பொருள் தடுமாறும். ஒருவர் உட்கார்ந்து பிழை திருத்த வேண்டும். விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் நாட்டுடைமை நூல்களுக்குத் தன்னார்வலர்கள் இதைத்தான் பக்கம் பக்கமாகச் செய்கிறார்கள்.

அச்சுக்கூடத்து அண்ணனுக்கும் ஒன்று. உங்கள் நாவலை எனக்குப் படிக்கும்படி யாராவது மாற்றிக் கொடுத்தால் உங்கள் விற்பனையில் ஒரு பிரதியும் குறையாது. அச்சுப் பிரதியை நான் எப்படியும் வாங்கியிருக்க முடியாது.


அச்சுக்கூடத்தார் | திங்கள், இரவு 11.20

ஐயா, எங்களிடம் உள்ள கோப்புகளிலிருந்து நேரடியாக யூனிகோடு எழுத்தாகவே உங்களுக்குத் தருகிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எந்தெந்த நூல் வேண்டும் என்று தனிச்செய்தியில் எழுதுங்கள்.


மல்லிகைத்தோட்டம் | செவ்வாய், மாலை 5.30

திருமங்கலத்துக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் பூச்சியியல் கற்பிக்கிறேன். கதை நூல்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆய்வுக் கட்டுரைகளின் நிலை இன்னும் மோசம் என்பதைச் சொல்ல வேண்டும்.

மல்லிகையில் மொட்டுப்புழு வந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். மொட்டில் ஓட்டை விழுந்து, ஊதா நிறமாகி, பூக்கடைக்குப் போவதற்குள் உதிர்ந்துவிடும். நான்கு பருவம், ஆறு தோட்டங்களில், விடியற்காலை மூன்று மணிக்குப் பூ எடுக்கும் பெண்களோடு நின்று மொட்டு எண்ணினேன். கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் வந்தது. சக ஆய்வாளர்கள் அதைச் சம்பளம் வாங்காமல் மதிப்பிட்டார்கள். நானும் ஒரு பைசா வாங்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், படிக்க முப்பத்தைந்து டாலர் கட்டச் சொன்னது. என் கட்டுரையை நானே படிக்க! தோட்டம் கொடுத்த விவசாயி "என்ன எழுதினீர்கள் அம்மா" என்று கேட்டபோது எனக்குக் காட்ட ஒன்றுமில்லை.

எங்கள் கல்லூரி நூலகர்தான் கண்ணைத் திறந்தார். நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வாங்கி வரி வரியாகப் படித்தார். அச்சுக்கோப்புச் செய்யும் முன் ஏற்றுக்கொள்ளப்பட்ட என் சொந்தப் பிரதியை, பன்னிரண்டு மாதம் கழித்துக் கல்லூரியின் இணையக் களஞ்சியத்தில் எல்லாரும் படிக்கும்படி வைக்கலாம் என்று அதில் இருந்தது. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்போது கட்டுரை திறந்தே இருக்கிறது. அதன் சாரத்தை நான்கு பக்கம் தமிழில் எழுதிப் பூச்சந்தையில் கொடுத்தேன். அந்த நான்கு பக்கத்தைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டவர்களின் எண்ணிக்கை, கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களைவிட அதிகம்.

"ஒரே நாடு ஒரே சந்தா" வந்துவிட்டதே என்பார்கள். ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்ட, 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். நல்லதுதான், அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் எங்களைப் போன்ற தனியார் கல்லூரிகளுக்கு வாசல் திறக்கவில்லை. சோழவந்தான் படிப்பகத்துக்கும் இல்லை. பூட்டிய அறைக்கு வாடகை கட்டுவது வேறு, பூட்டை எடுப்பது வேறு. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வை எல்லாரும் படிக்கும்படி வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே கொள்கை வெளியிட்டன. எத்தனை ஆய்வாளர்களுக்கு அது தெரியும்?

ஆய்வேடுகளில் மட்டும் நாம் முன்னே இருக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்த பிறகு ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் சேருகின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அங்கே இருக்கின்றன. கண்மாய்களைப் பற்றிக்கூட அதில் தேடிப் பாருங்கள், வைகைக்கரையான்.

இளம் ஆய்வாளர்கள் யாராவது படித்தால் ஒரு எச்சரிக்கை. யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற பொருளில் "திறந்த அணுக்கம்" என்று பெயர் வைத்துக்கொண்டு, பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்புகிற இதழ்கள் உள்ளன. அவற்றில் போடாதீர்கள். 2003இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த இதழ்களின் அடைவு ஒன்று இருக்கிறது. அதில் அந்த இதழ் இருக்கிறதா என்று உங்கள் நூலகரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.


சிம்மக்கல்லிலிருந்து பெர்லின் | புதன், அதிகாலை 2.15

மதுரை சிம்மக்கல் நூலகத்தில் அம்மா கைப்பிடித்துப் போய்ப் படித்து வளர்ந்தவன். இப்போது பெர்லினில் ஒரு நூலகத்தில் வேலை. ஆசிரியை சொன்னதற்கு இங்கே நடந்ததைச் சேர்க்கிறேன்.

ஜெர்மனியில் 2014 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பாதியாவது பொதுப்பணத்தில் நடந்த ஆய்வாக இருந்தால், கட்டுரை வெளிவந்து பன்னிரண்டு மாதம் கழித்து அதை எழுதியவர் தன் பிரதியைத் திறந்து வைக்கலாம். ஒப்பந்தத்தில் என்ன கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த உரிமை போகாது. அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஆசிரியைக்கு ஒப்பந்தம் தயவு காட்டியது, இங்கே சட்டமே கொடுத்துவிட்டது.

சட்டம் மட்டும் போதாது என்று நூலகங்கள் ஒன்றுகூடிப் பேரம் பேசின. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள், ஆய்விதழ்களை வெளியிடும் எல்ஸ்வியர் நிறுவனத்தோடு சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டன. 2018இல் புதிய கட்டுரைகள் வருவது நின்றது. ஆய்வாளர்கள் வேறு நூலகங்களிலிருந்து வரவழைத்தும், எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டும் சமாளித்தார்கள். 2023 செப்டம்பரில்தான் உடன்பாடு வந்தது. ஜெர்மன் ஆய்வாளர்களின் கட்டுரைகள் இனி உலகுக்கே திறந்திருக்கும் என்பது அதில் ஒரு விதி. அமெரிக்காவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் இதே போல வெளியேறி, 2021 மார்ச்சில் தன் விருப்பப்படி திரும்பி வந்தது. இரண்டிலும் பேரம் பேசும் மேசையில் நூலகர்கள் இருந்தார்கள். நூலகர் என்றால் முத்திரை குத்தித் தேதி போடுகிறவர் என்று நினைக்கும் என் மாமாவுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

உலக அளவில் இஃப்லா என்ற நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1927இல் எடின்பரோவில் தொடங்கியது. மராகேஷுக்குப் பிறகும் அது ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் கூட்டங்களில் உட்கார்ந்து ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாதுகாத்தல், இரவல் கொடுத்தல், எல்லை தாண்டிப் பகிர்தல் ஆகியவற்றுக்கு எல்லா நாட்டு நூலகங்களுக்கும் பொதுவான குறைந்தபட்ச உரிமை வேண்டும் என்பது அது. பார்வையற்றோருக்கு வந்தது போல நூலகங்களுக்கென்று ஓர் உடன்படிக்கை இன்னும் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் தன் எல்லைக்குள் ஒரு வழி செய்தது. கடையில் இனி கிடைக்காத நூலை நூலகம் இணையத்தில் வைக்கலாம், உரிமையாளர் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். அந்தத் தெற்குவாசல் நண்பரின் புதுமண்டப நூலுக்கு இப்படி ஒரு விதி இந்தியாவில் இருந்தால் எப்படி இருக்கும்!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விற்பனையில் உள்ள நூலையும், ஒரு அச்சுப் பிரதிக்கு ஒருவர் என்ற கணக்கில் மின்வடிவில் இரவல் கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் வாதாடியது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நல்ல நோக்கம் வழக்கில் காப்பாற்றாது.


ஓய்வுபெற்ற நூலகர் | புதன், காலை 9.30

நம் நாட்டு நீதிமன்றம் காட்டிய வழியையும் சொல்லியாக வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டப்படி நூல்களிலிருந்து பக்கங்களைத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. அந்த நூல்களை எழுதியவர்களே பலர் வழக்கை எதிர்த்தார்கள்; அமர்த்தியா சென் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை தெய்வம் கொடுத்த உரிமையோ இயற்கை உரிமையோ ஆகாது, கலைகளை வளர்க்கத்தான் அது இருக்கிறது என்பது அவர் தீர்ப்பின் அடிப்படை. மேல்முறையீட்டில் டிசம்பரில் இரு நீதிபதி அமர்வு சில கேள்விகளை மறுவிசாரணைக்கு அனுப்பினாலும், கற்பித்தலுக்கான விலக்கை உறுதி செய்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

அச்சுக்கூடத்தார் கேட்ட கேள்விக்கு வருகிறேன், அதை விட்டுவிட்டு நகர்ந்தால் நியாயமில்லை. எழுதுகிறவர் பசியோடு இருக்க நூலகம் நிறைய வேண்டும் என்று எந்த நூலகரும் கேட்கவில்லை. டென்மார்க்கில் 1946 முதல், பிரிட்டனில் 1979 சட்டத்தின்படி, நூலகத்திலிருந்து நூல் இரவல் போவதற்காக எழுத்தாளருக்கு அரசு பணம் தருகிறது. நூலக வரவுசெலவிலிருந்து எடுக்காமல் தனியாக ஒதுக்க வேண்டும் என்று இஃப்லா சொல்கிறது. இந்தியாவில் இது இல்லை. தமிழ்நாட்டில் சொத்துவரியோடு நூலக வரி கட்டுகிறோம், இரவல் பதிவேடு கணினியில் இருக்கிறது. யாருடைய நூல் எத்தனை முறை போனது என்று எண்ணுவது பெரிய வேலையா?

நாட்டுடைமை என்ற வழியும் நம்மிடம் உண்டு. பாரதி பாடலை ஒலிபரப்பவும் இசைத்தட்டாக்கவும் உள்ள உரிமை ஒரு காலத்தில் ஏ.வி.மெய்யப்பரிடம் இருந்தது. 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. இன்று எந்தப் பதிப்பகமும் யாரையும் கேட்காமல் பாரதியை அச்சிடுகிறது. பின்னால் வந்த எழுத்தாளர்களுக்கு அரசு குடும்பத்துக்கு நூலுரிமைத் தொகை கொடுத்து, எழுத்தைப் பொதுவாக்கியது. அந்த நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. குடும்பத்துக்கும் கொஞ்சம், ஊருக்கும் முழுவதும்.

1901இல் பாண்டித்துரைத் தேவர் இதே மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் வைத்து, சுவடிகளைச் சேர்த்துப் புத்தகசாலை அமைத்தார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு மதுரைத் திட்டம் என்று பெயர் வைத்தார். எங்கோ பனி பெய்யும் ஊரில் உட்கார்ந்தவருக்கு இந்த ஊர்ப் பெயர்தான் நினைவுக்கு வந்தது. நத்தம் சாலையில் 2023இல் பல மாடிக்கு நூலகம் எழும்பியதைப் பார்க்கப் போனபோதும் எனக்கு அதுதான் நினைவில் ஓடியது.


அச்சுக்கூடத்தார் | புதன், இரவு 9.00

இரவல் தொகை யோசனை எங்கள் பதிப்பாளர் கூட்டத்தில் இதுவரை வந்ததில்லை. அடுத்த முறை நானே எடுத்துப் பேசுகிறேன்.

எழுதுகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், பதிப்பாளனே சொல்கிறேன் என்று ஆச்சரியப்படாதீர்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை ஐந்து ஆண்டுக்குத்தான் கொடுக்கப்பட்டதாக 19ஆம் பிரிவு சொல்கிறது. அதன் பிறகு உரிமை உங்களுடையது. என் பதிப்பகத்தின் பழைய பட்டியலில் மறுபதிப்புக்கு வழியில்லாத நான்கு நூல்கள் அப்படி இருக்கின்றன. எழுதியவர்களில் மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் நானே பேசுகிறேன். சம்மதித்தால், யாரும் எடுத்துப் பகிரலாம் என்று எழுதியவரே அனுமதி தரும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் விட்டுவிடலாம். கிடங்கில் கரையான் தின்பதற்குப் பதில் யாராவது படிக்கட்டும்.


வைகைக்கரையான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 7.45

எல்லாருக்கும் நன்றி. என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

412 நூல்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் பென்சிலால் ஆண்டு குறித்தோம். எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டு கடந்ததும் நாட்டுடைமை ஆனதும் சேர்த்து 131. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே இணையத்தில் இருந்தன. எங்கேயும் இல்லாத 19ஐ மட்டும் முதலில் எடுக்கிறோம். எல்லாம் நாடகப் பாட்டுப் புத்தகமும் விவசாயக் கையேடும். கடையில் கிடைப்பவை அப்படியே பீரோவுக்குப் போய்விட்டன. கிடைக்காதவை, ஆனால் உரிமை உள்ளவை, 140 சொச்சம். அவற்றைப் படம் எடுத்துப் படிப்பகக் கணினியில் மட்டும் வைக்கிறோம். அங்கே உட்கார்ந்து படிக்கலாம்.

கணக்கு நோட்டு இரண்டும் அச்சாகாத எழுத்து. அதன் உரிமை குடும்பத்துக்கு என்று நூலகர் ஐயா தனிச்செய்தியில் சொன்னார். ஆசிரியரின் மகளை அழைத்தேன். "அப்பா பெயர் போட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதித் தருகிறேன்" என்றார். எழுதியும் அனுப்பிவிட்டார். அப்பாவின் தலைப்பெழுத்து இரண்டு, ஒன்றை விட்டுவிடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

தட்டச்சு தொடங்கியதும் ஒரு தடங்கல். கண்மாய்ப் பெயர்களில் பாதி எங்களுக்குத் தெரியவில்லை. எழுத்து புரிகிறது, பெயர் சரியா என்று சொல்ல ஆளில்லை. சில கண்மாய் இப்போது வீட்டுமனை ஆகிவிட்டது. எண்பது வயதுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து வாசித்தோம். அவர் மூன்று பெயரைத் திருத்தினார், நோட்டில் இல்லாத ஒரு மடையையும் சொன்னார். அதைத் தனியே அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குக் கூடுகிறோம். தட்டச்சு தெரிந்தவர்கள் வாருங்கள். தென்கரை, முள்ளிப்பள்ளம், திருவேடகம் பக்கத்துக் கண்மாய்களைத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். சோழவந்தான் பஸ் நிலையத்தில் இறங்கி அழைத்தால் வண்டியோடு வருகிறோம்.


செவிவழி | ஞாயிறு, இரவு 8.20

வருகிறேன். முதல் நோட்டு முடிந்தவரை இன்றே அனுப்புங்கள். கேட்டுப் பார்த்து, கருவி எந்தெந்தப் பெயரில் இடறுகிறது என்று குறித்துக்கொண்டு வருகிறேன்.